'ஹபோன்' என்ற குடும்பப் பெயர்: ஸ்பெயினில் ஜப்பான் எங்கிருந்து வந்தது?

கேள்வி, 3 ஜூன் 2023

ஸ்பெயினில் செவில்யா பக்கம் ஒரு ஊரில் நூற்றுக்கணக்கானவர்களுக்குக் குடும்பப் பெயரே 'ஜப்பான்' என்று ஒரு காணொளியில் பார்த்தேன். 400 வருடத்துக்கு முன் வந்த சாமுராய்களின் வாரிசுகளாம். பிறந்த குழந்தைகளின் முதுகில் நீலத் தடம் இருப்பதே அதற்குச் சாட்சியாம். நம்பலாமா?

3 ஜூன், இரவு

பெயர் உண்மை. ஊர் உண்மை. சாமுராய்கள் வந்ததும் உண்மை. 'வாரிசு' என்ற இடத்தில்தான் வழக்கே இருக்கிறது. செவில்யாவில் சில வருடம் வேலை பார்த்தவன் என்பதால் இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒரே மூச்சில் எழுத முடியாது, விட்டு விட்டு எழுதுகிறேன்.

ஊரின் பெயர் கோரியா தெல் ரியோ. குவாதல்கிவிர் ஆற்றங்கரையில், செவில்யாவுக்குக் கொஞ்சம் தெற்கே. கொரியா நாட்டுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ரோமானியர் காலத்தில் காவுரா என்றிருந்த ஊர். குடும்பப் பெயரை ஸ்பானியர்கள் 'ஹபோன்' என்று உச்சரிப்பார்கள். ஜப்பான் நாட்டுக்கும் அவர்கள் மொழியில் அதே சொல்தான்.

4 ஜூன்

முதலில் தூதுக்குழுவைப் பற்றி. இது தெரியாமல் மேலே போக முடியாது.

ஜப்பானின் வடகிழக்கே சென்டாய் பகுதியை ஆண்ட தாதே மசமுனே, மெக்சிகோவோடு நேரடி வாணிபம் தொடங்க ஆசைப்பட்டார். தன் ஊழியத்திலிருந்த ஹசெகுரா சுனெநாகா என்ற சாமுராயைத் தூதராக நியமித்தார். வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் கூடப் போனவர் லூயிஸ் சொத்தேலோ, செவில்யாவில் பிறந்த பிரான்சிஸ்கன் சபைத் துறவி. 1613 அக்டோபர் கடைசியில் சென்டாய்க்கு அருகிலுள்ள த்சுகினோஊராவில் கப்பல் ஏறினார்கள். பசிபிக்கைத் தாண்டி 1614 ஜனவரியில் அகாபுல்கோ. மெக்சிகோவைத் தரைவழியே கடந்து, வெராகுருஸ் துறைமுகத்தில் வேறு கப்பல், வழியில் ஹவானா. 1614 அக்டோபர் 5 அன்று ஸ்பெயினின் சான்லூக்கர் முகத்துவாரம். வந்தவர்களில் பெரும்பாலானோர் மெக்சிகோவோடு நின்றுவிட, அட்லாண்டிக்கைத் தாண்டிய ஜப்பானியர்கள் முப்பது பேர் அளவில்தான்.

சான்லூக்கரிலிருந்து ஆற்றின் மேலே வந்து இறங்கிய இடம் கோரியா. செவில்யா நகரம் வரவேற்புக்குத் தயாராகும்வரை அங்கேதான் தங்கினார்கள். நகரத்துக்கு மசமுனே அனுப்பிய கடிதம் இன்றும் செவில்யா நகராட்சி ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

1615 ஜனவரி 30 அன்று மாட்ரிட்டில் மூன்றாம் பிலிப் அரசரைப் பார்த்தார் ஹசெகுரா. பிப்ரவரியில் அரசரின் முன்னிலையிலேயே திருமுழுக்கு, ஃபெலிப்பே பிரான்சிஸ்கோ என்று பெயர். நவம்பரில் ரோமில் திருத்தந்தை ஐந்தாம் பவுலைச் சந்தித்தார். ரோம் நகரக் குடியுரிமைப் பத்திரமும் கிடைத்தது. சென்டாய் நகர அருங்காட்சியகத்தில் தேசியப் பொக்கிஷமாக அதைப் பாதுகாக்கிறார்கள்.

கேட்டுப் போன வாணிப உரிமை மட்டும் கிடைக்கவில்லை. அவர்கள் பயணத்தில் இருந்த நேரத்தில் ஜப்பானில் தொகுகாவா அரசு கிறிஸ்தவத்தைத் தடை செய்துவிட்டது. அந்தச் செய்தி மெல்ல ஐரோப்பா வந்து சேர, ஸ்பானிய அரசவை கை கழுவியது. செவில்யாவுக்குப் பக்கத்தில் லொரெத்தோ துறவற இல்லத்தில் காத்துக் கிடந்து, 1617 ஜூலையில் ஹசெகுரா புறப்பட்டுப் போனார். எல்லோரும் அவரோடு போகவில்லை. குடும்பப் பெயரின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

4 ஜூன், சற்று நேரம் கழித்து

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போனது. 1615இல் ரோம் போகும் வழியில் காற்று சரியில்லாமல் பிரான்சின் சான் த்ரோப்பேயில் ஒதுங்கினார்கள். அவர்கள் மூக்குச் சிந்தி எறிந்த மெல்லிய காகிதத்தை ஊர்ச் சனங்கள் ஓடி ஓடிப் பொறுக்கியதாக, பார்த்தவர்கள் எழுதி வைத்த குறிப்பு இருக்கிறது. துணியால் மூக்குத் துடைத்துப் பையில் வைத்துக்கொள்ளும் ஊருக்கு அது அதிசயம். இப்படிப்பட்ட கூட்டம் சில வாரம் தங்கிப் போனதை கோரியா மாதிரி ஒரு ஆற்றங்கரை ஊர் எத்தனை தலைமுறை பேசியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

7 ஜூன்

"ஊரார் சும்மா கட்டிவிட்ட கதையாகவும் இருக்கலாமே?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். இருக்கலாம்தான். அதனால் பதிவேடு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

கோரியாவின் பங்குக் கோயில் புனித மரியா தெ லா எஸ்த்ரெய்யா. அங்குள்ள திருமுழுக்குப் பதிவேடுகளில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 'ஹபோன்' தெரியத் தொடங்குகிறது. அப்போதே அது குடும்பப் பெயர். தகப்பனுக்கும் இருக்கிறது, பிள்ளைக்கும் இருக்கிறது. 1617க்கும் அந்தப் பதிவுகளுக்கும் நடுவே ஒரு தலைமுறைக்கு மேல் இடைவெளி. "இன்ன ஜப்பானியர் இன்ன பெண்ணைக் கட்டினார், அவர்களுக்கு இன்னார் பிறந்தார்" என்று சங்கிலி அறுபடாமல் காட்டும் தாள் கிடையாது.

அதற்காகப் பதிவேட்டைத் தள்ளிவிட முடியாது. ஸ்பெயினில் வந்தேறிகளுக்கு ஊரே பெயராவது சர்வசாதாரணம். நவாரோ (நவார்ராக்காரர்), கயெகோ (கலீசியாக்காரர்), அலெமான் (ஜெர்மன்காரர்), ஃப்ரான்செஸ் (பிரெஞ்சுக்காரர்) எல்லாம் அப்படி வந்தவைதான். ஒரு நூற்றாண்டில் ஜப்பானியர் வந்து தங்கிய ஊரில், அதே நூற்றாண்டில் 'ஹபோன்' முளைக்கிறது. நாட்டின் வேறெந்த மூலையிலும் இப்படிக் கொத்தாக இல்லை. தற்செயல் என்று சொல்பவர்தான் அதற்கு விளக்கம் தர வேண்டும்.

11 ஜூன்

நீலத் தடம் பற்றி. கோரியாவில் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பிறந்த குழந்தையின் இடுப்புப் பக்கம் தெரியும் அந்த நீலம் ஆசியா முழுக்க, ஆப்பிரிக்கா முழுக்க உண்டு. ஐரோப்பியக் குழந்தைகளிலும் சிலருக்கு உண்டு. என் அக்கா மகனுக்கும் இருந்தது, இரண்டு வயதில் மறைந்தது. நூற்றாண்டுக் கணக்கில் மூர்கள், ஆப்பிரிக்க அடிமைகள், அமெரிக்காவிலிருந்து திரும்பியவர்கள் எல்லோரும் கலந்த தென் ஸ்பெயினில், அதாவது அந்தலூசியாவில், அதை வைத்து சென்டாய்க்குப் பாதை போட முடியாது.

இன்னொரு சாட்சியாக நெல்லைச் சொல்வார்கள். கோரியாவுக்குத் தெற்கே சதுப்பு நிலத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் வயல். நாற்றங்கால் விட்டு நடுவதை ஜப்பானியர்தான் கற்றுத் தந்தார்கள் என்று ஒரு பேச்சு. ஸ்பெயின் பக்கத்துக்கு நெல்லைக் கொண்டுவந்தவர்கள் அரேபியர். அந்தச் சதுப்பில் பெரிய அளவில் நெல் வந்தது 1920, 30களில். முதலில் ஒரு ஆங்கில முதலீட்டுக் கம்பெனி, பிறகு வலென்சியாவிலிருந்து வந்து குடியேறிய விவசாயிகள். நாற்று நடவு வலென்சியாக்காரர்களின் கைப்பழக்கம். நல்ல வரலாற்றோடு இந்த மாதிரிச் சேர்க்கைகளை ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. வலுவான ஆதாரத்தையும் அவை சேர்த்துக் கெடுக்கின்றன.

11 ஜூன், இரவு

என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு இரண்டாவது குடும்பப் பெயர் ஹபோன். ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் இரண்டு: முதலாவது அப்பாவுடையது, இரண்டாவது அம்மாவுடையது. ஒருநாள் மதியச் சாப்பாட்டில் நான் ஆசிய முகம் என்பதால் அவராகவே பேச்சை எடுத்தார்: "நானும் உங்கள் பக்கம்தான்." அவர் அம்மாவின் ஊர் கோரியா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப்போனார்.

ஆற்றங்கரைப் பூங்காவில் ஹசெகுராவின் சிலை. சென்டாயின் அன்பளிப்பு, 1992இல் வைத்தது. இடுப்பில் வாள், முகம் ஆற்றைப் பார்த்து. 2013இல் இளவரசராக வந்த நருஹித்தோ நட்ட செர்ரி மரமும் பக்கத்தில். இதெல்லாம் சுற்றுலாக்காரர் எல்லோரும் பார்ப்பது. என்னை நிறுத்தி வைத்தது கல்லறைத் தோட்டம். அங்கே மண்ணில் குழி தோண்டிப் புதைப்பது குறைவு. சுவரில் அடுக்கடுக்காக மாடம், வாயை மூடிச் சலவைக்கல், அதில் பெயர். ஒரு சுவரில் மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டே வந்தேன்: ஹபோன், பிஞேதா, ஹபோன், கார்வஹால் ஹபோன், ஹபோன் காம்ப்போஸ். சிலதில் ஹபோன் ஹபோன், அப்பா வழியிலும் அம்மா வழியிலும் அதுவே. புதுக் கல்லில் பூச்சாடி, பழைய கல்லில் எழுத்தின் கறுப்பு உதிர்ந்து வெறும் குழி. காணொளியில் "சாமுராய் கிராமம்" என்று கத்துவதைவிட இந்தச் சுவர் எனக்கு நிறையச் சொன்னது. ஒரே ஊருக்குள் பெண் எடுத்துப் பெண் கொடுத்து, ஆற்றைத் தாண்டாமல் வாழ்ந்த குடும்பங்கள்.

19 ஜூன்

இந்தப் பெயர் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று கேட்டவருக்கு. ஸ்பெயின் தேசியப் புள்ளியியல் நிறுவனத்தின் தளத்தில் எந்தக் குடும்பப் பெயரையும் தேடலாம். முதல் பெயராக எத்தனை பேர், இரண்டாவதாக எத்தனை பேர், இரண்டுமே அதுவாக எத்தனை பேர் என்று மூன்று எண் தரும். மாகாண வரைபடமும் உண்டு. ஒரு மாகாணத்தில் ஐந்து பேருக்குக் குறைவு என்றால் காட்டாது.

ஹபோன் போட்டால் செவில்யா மாகாணம் பளிச்சென்று வரும். அதற்குள் கோரியா. ஊரின் மக்கள்தொகை முப்பதாயிரம் சொச்சம். அதில் ஹபோன்கள் அறுநூறு எழுநூறு என்று பத்திரிகைகள் வழக்கமாக எழுதுகின்றன. ஒட்டியிருக்கும் லா புவெப்லாவிலும் செவில்யா நகரத்திலும் கொஞ்சம். வேலை தேடிப் போன பார்சலோனா, மாட்ரிட் பக்கங்களில் கொஞ்சம். ஒரு மையம், அதைச் சுற்றிச் சிதறல். ஒரே இடத்தில் பிறந்த அபூர்வப் பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பரவியிருக்கும்.

கால்பந்து பார்க்கும் நண்பர்களுக்கு: 90களில் ஸ்பானிய முதல் பிரிவில் நடுவராக இருந்த ஹொசே ஹபோன் செவில்யா நினைவிருக்கிறதா? அங்கே நடுவர்களை இரண்டு குடும்பப் பெயரும் சேர்த்துச் சொல்வது வழக்கம். வானொலி வர்ணனையில் "இன்றைய நடுவர் ஜப்பான் செவில்யா" என்று கேட்டால் ஏதோ கப்பல் தடம் மாதிரி இருக்கும். அரசியல் பக்கம், அந்தலூசிய அரசில் பண்பாட்டுத் துறையைக் கவனித்த புவியியல் பேராசிரியர் ஹுவான் மனுவேல் சுவாரெஸ் ஹபோன். இவருக்கு அது அம்மா வழி.

2 ஜூலை

இப்போது யாரும் காணொளியில் சொல்லாத பாதி.

உலகத்தில் ஹபோன்கள் அதிகம் வாழும் நாடு ஸ்பெயின் இல்லை. ஈக்வடார். அதிலும் தெற்கே லோஹா மாகாணத்தில், ஆண்டிஸ் மலையில் சரகுரோ என்ற பழங்குடி மக்கள். கறுப்புக் கம்பளி உடை, அகலமான வெள்ளைத் தொப்பி. அவர்களிடம் கிஸ்பே, குவாமான், மக்காஸ் போன்ற பெயர்களுக்கு நடுவே ஹபோன் சாதாரணமாகப் புழங்குகிறது.

ஆகவே "ஹபோன் என்றாலே சாமுராய் வம்சம்" என்ற வாக்கியம் அங்கேயே உடைகிறது. பங்குத் தந்தைகள் பழங்குடிப் பெயர்களைத் தங்கள் காதுக்கு எட்டியபடி ஸ்பானிய எழுத்தில் எழுதிக்கொண்ட நிலம் அது. இரண்டு ஹபோன்களும் எழுத்தில் ஒன்று, வேர் வெவ்வேறு என்பதே என் முடிவு.

3 ஜூலை

"பெரு நாட்டின் வழியாக ஜப்பானியர் ஈக்வடாருக்குப் போயிருக்கலாமே" என்று வாதிடும் நண்பருக்கு: நல்ல கேள்வி, அடிப்படையும் உண்டு. 1613இல் லிமா நகரத்தின் பூர்வகுடிகளைக் கணக்கெடுத்தபோது ஆசியர்களையும் அதில் சேர்த்தார்கள். சீனா, பிலிப்பீன்ஸ் பக்கத்தவர் 38 பேர், ஜப்பானியர் 20 பேர், 'போர்த்துகீசிய இந்தியா'க்காரர் 56 பேர். ஜப்பானியரில் சிலருக்குத் தொழில் கழுத்துப்பட்டி மடிப்பது, அந்தக் காலப் பிரபுக்கள் தட்டு மாதிரிக் கழுத்தில் போட்டுக்கொண்ட மடிப்புப் பட்டி. மணிலா கப்பல்களில் அடிமையாகவோ வேலையாளாகவோ வந்தவர்கள். ஆக, ஹசெகுரா ஸ்பெயினில் கால் வைக்கும் முன்பே தென் அமெரிக்காவில் ஜப்பானியர் இருந்தார்கள்.

ஆனால் லிமா துறைமுகத்திலிருந்து லோஹா மலைக்கிராமம் வெகு தூரம். தங்களுக்குள்ளேயே மணமுடித்த ஒரு பழங்குடிச் சமூகத்துக்குள் அந்த இருபதில் ஒருவர் புகுந்து பெயரைப் பரப்பினார் என்பதற்குத் தாள் வேண்டும். கோரியாவிலாவது வந்து தங்கிய ஊரும் பெயர் முளைத்த ஊரும் ஒன்றுதான்.

5 ஜூலை

வரைபடம் பார்ப்பவர்கள் கவனிக்க: ஈக்வடாரில் 1999இல் வங்கிகள் சரிந்தபோது லட்சக்கணக்கானவர்கள் ஸ்பெயினுக்கு வேலைக்கு வந்தார்கள். சரகுரோக்களும் வந்தார்கள். அல்மேரியா மாகாணத்தில் வேரா என்ற ஊரில் கூட்டமாகக் குடியேறி வயல் வேலை பார்த்தார்கள். இன்று செவில்யாவுக்கு வெளியே ஹபோன் தெரிந்தால் அது கோரியாவின் கிளையா, லோஹாவின் கிளையா என்று முதலில் கேட்க வேண்டும். "ஜப்பானிய ரத்தம் அல்மேரியா வரை பரவியது" என்று ஒரு பதிவு கண்ணில் பட்டது. அது தப்பு. அங்கே இருப்பது கிச்சுவா பேசிய முன்னோர்களின் பிள்ளைகள், அவர்களுக்கென்று சொந்த வரலாறு இருக்கிறது. அதைச் சாமுராய் கதைக்குள் கரைப்பது அநியாயம்.

16 ஜூலை

தூதுக்குழுவில் வந்து ஸ்பெயினிலேயே தங்கிவிட்டவர்கள் உண்டு என்பதற்கு ஒரு மனிதரையாவது காட்டுங்கள் என்றார்கள். காட்டுகிறேன்.

தொமாஸ் ஃபெலிப்பே. தூதுக்குழுவோடு வந்த ஜப்பானியர், ஞானஸ்நானப் பெயர் அது. மேற்கு ஸ்பெயினின் எக்ஸ்த்ரெமதுராவில் ஸஃப்ரா என்ற ஊரில் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்த எசமான் அவருக்குச் சூடு போட்டு அடிமையாக வைத்துக்கொண்டார். 1622இல் தொமாஸ் அரசரிடம் முறையிட்டார்: நான் சுதந்திர மனிதன், தூதரோடு வந்தவன், என் நாட்டுக்குத் திரும்ப அனுமதி வேண்டும். அரசவையில் அந்த மனு பதிவாகியிருக்கிறது.

அரசர் முன்னால் பட்டாடையில் நின்ற கூட்டத்தைச் சேர்ந்தவர், ஏழே வருடத்தில் அந்த நிலைமை. இவர் கோரியா ஹபோன்களின் பாட்டனார் என்று நான் சொல்லவில்லை, ஸஃப்ரா எங்கோ இருக்கிறது. குழுவில் வந்தவர் ஸ்பெயினில் தங்கிவிட்டது நடந்த காரியம் என்பதற்கு இவர் போதும்.

17 ஜூலை

திரும்பிப் போனவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஹசெகுரா 1620இல் ஊர் சேர்ந்தார். அதே வேகத்தில் மசமுனே தன் ஆட்சிப் பகுதியிலும் கிறிஸ்தவத்தைத் தடை செய்தார். ஹசெகுரா 1622இல் இறந்தார். சொத்தேலோ மறைந்து ஜப்பானுக்குள் போய்ப் பிடிபட்டு 1624இல் உயிரோடு எரிக்கப்பட்டார். ஹசெகுராவின் மகன், வீட்டு வேலைக்காரர்கள் கிறிஸ்தவர்களாக இருந்ததைக் கண்டுகொள்ளவில்லை என்பதற்காக 1640இல் மரணதண்டனை பெற்றார். 1635 ஆணைக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து திரும்பும் ஜப்பானியருக்கே தலை போகும். கோரியாவில் நின்றுவிட்டவருக்கு, அவர் யாராக இருந்தாலும், கொஞ்ச காலத்தில் திரும்பும் வழியே அடைபட்டுவிட்டது. அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டி, அந்த ஊர் மீனைத் தின்று வாழ வேண்டியதுதான்.

மீன் என்றதும் ஞாபகம் வருகிறது: கோரியா போனால் அல்பூர் கேளுங்கள். நம் மடவை வகை, ஆற்றில் பிடிப்பது, வினிகரிலும் பூண்டிலும் ஊறவைத்துப் பொரிப்பார்கள்.

30 ஜூலை

மெக்சிகோவின் குவாதலஹாராவில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டு ஜப்பானியரைப் பற்றி நல்ல ஆவணம் உண்டு: லூயிஸ் தெ என்சியோ, அவர் மருமகன் ஹுவான் தெ பாயெஸ். முன்னவர் ஜப்பானிய எழுத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், பின்னவர் பேராலயத்தின் பணப்பொறுப்பைப் பார்க்கும் அளவுக்கு உயர்ந்தார். இரண்டு பேருக்குமே ஞானஸ்நானத்தோடு வந்த சாதாரண ஸ்பானியக் குடும்பப் பெயர். தூத்துக்குடிக் கடற்கரையில் 1530களில் போர்த்துகீசியரிடம் ஞானஸ்நானம் பெற்ற பரதவர்களுக்கு ஃபெர்னாந்து, கோஸ்தா என்று வந்ததும் இந்த வழிதான். பெயர் வந்தது, ரத்தம் வரவில்லை.

அப்படியானால் கோரியாவில் மட்டும் ஏன் 'ஹபோன்'? என் எண்ணம்: வசதியும் பெரிய இடத்து ஞானத்தந்தையும் இருந்தவர்களுக்கு அவர்கள் வீட்டுப் பெயர் கிடைத்தது. ஒன்றுமில்லாத கூலிக்காரனுக்கும் மீனவனுக்கும் ஊர் வாயில் வந்ததே பெயர். "அந்த ஜப்பான்காரன் மகன்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதிவேடு வரை ஏறியிருக்கிறது. வாளோடு வந்த பெரிய சாமுராயைவிட, பெட்டி தூக்கி வந்த பணியாளோ மாலுமியோ இந்தக் குடும்பங்களின் மூதாதையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கோரியா மக்களுக்கு இதில் குறைவு ஒன்றுமில்லை.

21 ஆகஸ்ட்

மரபணு பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். நகோயா பல்கலைக்கழகத்தார் கோரியாவில் ரத்த மாதிரி எடுக்கும் திட்டம் 2013 வாக்கில் செய்திகளில் வந்தது. எடுப்பதென்றால் எதைத் தேட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 400 வருடம் என்றால் பதின்மூன்றிலிருந்து பதினாறு தலைமுறை. முதல் ஆளின் பங்கு ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகி, இன்று மொத்த மரபணுவில் கண்டுபிடிக்கவே முடியாத துளி. முகச்சாயல், கண் அமைப்பு என்று பேசுவதில் பொருளில்லை. குறையாமல் வருவது ஆண்வழி ஒய் குரோமோசோம் மட்டும். ஸ்பெயினில் முதல் குடும்பப் பெயரும் அதே ஆண்வழியில்தான் வந்தது. ஜப்பானிய ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்கும், டி என்ற ஒய் குரோமோசோம் பிரிவின் ஜப்பானியக் கிளை ஐரோப்பாவில் கிடையாது. ஒரு கோரியா ஹபோனிடம் அது அகப்பட்டால் வழக்கு முடிந்தது. அகப்படாவிட்டால் முடிந்ததாகாது: இடையில் ஒரு தலைமுறையில் தாய்வழியே பெயர் வந்திருந்தாலும், தத்துப்பிள்ளை ஒருவர் இருந்தாலும் கயிறு அறுந்துவிடும். 17, 18ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் தாய், பாட்டி பெயரையும் இஷ்டப்படி எடுத்துக்கொண்டது சகஜம். அரசின் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1871இல்தான்.

9 செப்டம்பர்

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். 1999இல் வந்த சட்டம், பெற்றோர் சம்மதித்தால் தாயின் குடும்பப் பெயரை முதலில் வைக்கலாம் என்றது. 2017 நடுவிலிருந்து தந்தைக்கு முன்னுரிமையே இல்லை, பதிவு செய்யும்போது பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். என் பழைய சகாவின் தங்கை தன் இரண்டு பெயரின் வரிசையையே மாற்றிக்கொண்டு, தன் மகளுக்கு ஹபோனை முதலில் வைத்திருக்கிறார், அம்மாவின் பெயர் தன்னோடு அழியக்கூடாது என்று. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. மூன்றாம் தலைமுறையில் காணாமல் போக இருந்த பெயர் நிலைத்துவிட்டது.

ஆய்வு செய்பவர்களுக்கு இது ஒரு எச்சரிக்கையும்கூட. இந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு, ஹபோன் என்ற முதல் பெயரை மட்டும் பார்த்து ஆண்வழி மாதிரி எடுக்க முடியாது. தந்தை, தந்தையின் தந்தை என்று பங்குப் பதிவேடு வரை மரத்தை எழுதி வாங்கிக்கொண்டுதான் ஊசி போட வேண்டும். கோரியாவில் எண்பது வயதைத் தாண்டிய ஹபோன் தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். செய்ய நினைப்பவர்கள் அவர்களிடமிருந்து தொடங்கட்டும்.